காபி, இட்லி, எட்ருஸ்கன்

நான் ஒரு வடிகட்டின முட்டாள் என்பதை இப்போது யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில்தான் அந்த விவரம் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஊரில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எங்கள் பக்கத்து ஊர்கள் இங்கேயா அங்கேயா என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம். வடமாலபேட்டைப் பக்கம், திருப்பதி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. சாலையில் போகிறவர்கள் கண்ணில் கடை படாது. அதனால் சாலையோரப் புளியமரத்தில் ஒரு பலகை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலைக்கு நடந்து போகிற கூட்டம் அந்தப் பலகையைப் பார்த்து உள்ளே திரும்பினால்தான் எங்களுக்கு வருசத்துச் சோறு.

நைனா தமிழில் எழுதிவைத்தார். தெலுங்குப் பையன்கள் தார் பூசினார்கள். சரியென்று தெலுங்கில் எழுதினார். நம்ம பையன்கள் பூசினார்கள். இரண்டிலும் பாதிப் பாதி எழுதினார். இரண்டு கூட்டமும் சேர்ந்தே வந்து, ஒரே தார் டப்பாவில் ஆளுக்குப் பாதி பூசிவிட்டுப் போயிற்று. மாநிலம் பிரிந்த பிறகு எங்கள் ஊரில் நான் கண்ட ஒற்றுமை அது ஒன்றுதான்.

புதிதாக எழுதும் ஒவ்வொரு முறையும் அம்மா என்னைக் கூப்பிட்டு, “இதுல இன்னாடா எழுதிகீது?” என்று கேட்பாள். பரீட்சை வைக்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உரக்கப் படித்துக் காட்டுவேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, திருப்பதியில் கல்லூரியில் சரித்திரம் படித்தார். படித்தார் என்பதைவிடப் புத்தகம் தூக்கினார் என்பது பொருந்தும். லீவில் தூக்கிவந்த ஒரு தடிப் புத்தகத்தில் ஒரு படம் காட்டினார். யானைத் தந்தத்தில் செய்த குட்டிப் பலகை, நம் சிலேட்டுக்குத் தம்பி மாதிரி. அதன் விளிம்பில் குச்சி குச்சியாக எழுத்துகள். இத்தாலியில் ரோமர்கள் தலையெடுக்கும் முன்பே வாழ்ந்த எட்ருஸ்கர்களுடையதாம். கிரேக்கர்களிடம் எழுத்தை வாங்கி, வலமிருந்து இடமாக எழுதினார்களாம். நம் பள்ளிக்கூடத்து ஏபிசிடிகூட அவர்கள் கைவழியாகத்தான் ரோமர்களுக்குப் போனதாம்.

“எழுத்துக் கூட்டி வாசிச்சிடலாம். அர்த்தந்தான் முக்காவாசி தெரியாது” என்றார் மாமா.

தெலுங்கு வாத்தியார் நடத்தும் பாடம் எனக்கும் அப்படித்தான் என்பதால் அந்த ஜனங்கள்மேல் உடனே பாசம் வந்துவிட்டது. கூடவே யோசனையும் வந்தது. தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. இதன்மேல் எவன் தார் பூசுவான்?

மாமா எழுத்துகளைத் தேடிக் கொடுக்க, நான் வெள்ளைப் பெயிண்டில் வலப்பக்கமிருந்து எழுதினேன். காபியும் இட்லியும் சுலபமாக வந்தன. தோசைதான் முரண்டு பிடித்தது. அவர்கள் பேச்சில் ‘ஓ’ என்ற ஓசையே கிடையாதாம். கிரேக்கர்களிடம் வாங்கிய அந்த எழுத்தை அந்தத் தந்தப் பலகையில் மட்டும் மரியாதைக்கு வைத்துக்கொண்டு, எழுதும்போது விட்டுவிட்டார்களாம். அவர்கள் விட்டதை எடுத்துப் போட நாங்கள் யார்? ‘ஊ’ போட்டு எழுதினோம்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். “இதுல இன்னாடா எழுதிகீது?”

“காபி, இட்லி, தூசை.”

“தூசையா?”

“அவுங்க ஊர்ல அப்படித்தாம்மா.”

அம்மா தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

யோசனை பலித்தது. டப்பாவோடு வந்த தெலுங்குப் பையன், “ஏம் பாஷரா இதி?” என்று தலையைச் சொறிந்தான். தமிழ்ப் பையன், “எங்களுது இல்லப்பா” என்று கையை விரித்தான். இருவரும் டப்பாவை மூடிக்கொண்டு நடந்தார்கள். எல்லைக் கமிஷனுக்கே ஆலோசனை சொல்லலாம் போல எனக்கு இருந்தது.

முதல் சனிக்கிழமை பலகையடியில் நானே காவல் நின்றேன். மஞ்சள் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் ஒரு கூட்டத்தோடு வந்து, பலகையை உற்றுப் பார்த்தார்.

“இன்னா எழுத்துப்பா இது?”

“ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது தாத்தா. இதுக்கு முழுசா அர்த்தம் சொல்ல ஒலகத்துல ஆளே இல்ல.”

அவர் கைகூப்பினார். மடியிலிருந்து குங்குமம் எடுத்துப் பலகைக்கு வைத்தார். “உள்ள சாப்பாடு போடறாங்களா?”

“சூடா போடறாங்க.”

“கோவிந்தா” என்று அவர் குரல் கொடுக்க, கூட்டம் அப்படியே உள்ளே திரும்பியது. குங்குமத்தைப் பார்த்து அடுத்த கூட்டமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியது. பலகையின் மகிமையை ஒவ்வொரு கூட்டத்துக்கும் சலிக்காமல் விளக்கினேன். உள்ளே அம்மா வார்த்த தோசை கல்லைவிட்டு எழும் முன்னே இலைக்குப் போனது. சாப்பிட்டவர்கள் கைகழுவி, இரண்டு கையையும் தூக்கி, “அன்னதாதா சுகீபவ” என்று நைனாவை ஆசீர்வதித்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

நைனா பின்னாலேயே ஓடினார். “பெரியவரே, துன்ன காசு?”

“மடத்துல ஏதுப்பா காசு?” என்றார் மஞ்சள் வேட்டி, உண்மையான வியப்போடு.

நைனா நீட்டிய கையை அப்படியே கும்பிடாக்கிக்கொண்டு திரும்பினார். சாயங்காலம் மாவுக் குண்டானும் காலி, கல்லாவும் காலி. மாமாவுக்குத் திடீரென்று கல்லூரி ஞாபகம் வந்து பஸ் ஏறிவிட்டார். அடுத்த சனிக்கும் இப்படியே போனால் கடையைக் கட்டவேண்டியதுதான் என்று நைனா முணுமுணுத்தார். எனக்கு அந்த வயதில் அதிலும் பயம் தட்டவில்லை. இன்னும் பெரிய பலகையாக எழுதலாம் என்றுதான் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை விடியும்போதே அம்மா அடுப்பையும் கல்லையும் தூக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் வைத்தாள். நல்லெண்ணெய் விட்டு முதல் தோசையை வார்த்ததும் வாசனை சாலைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. அதைத் தாண்டிப் போக ஒருவராலும் முடியவில்லை. தமிழில் கேட்டவனுக்கும் தெலுங்கில் கேட்டவனுக்கும் காசு வாங்கிக்கொண்டு அம்மா இலையை நீட்டினாள். தார் டப்பாப் பையன்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார்கள். கல்லா நிறைந்த சந்தோஷத்தில் நைனா முந்தின வாரத்துக் கூட்டத்தைக்கூட மன்னித்துவிட்டார்.

எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. நான் எழுதிய பலகை, மரத்திலிருந்து இறங்கி, அடுப்புக்குக் காற்று மறைப்பாகச் சாய்ந்து, புகையில் கறுத்துக்கொண்டிருந்தது.

“ஒலகத்துல யாராலயும் படிச்சி அர்த்தம் சொல்ல முடியாத எழுத்தும்மா அது. அதப் போயி அடுப்புக்கு மறைப்பா வச்சிகீறியே?”

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்ன பதிலைக் கேட்டு, கேலி செய்கிறாள் என்றுதான் அன்று கோபித்துக்கொண்டேன்.

“எனக்கு எல்லா எழுத்தும் அப்படித்தாண்டா.”