மண் அணையில் அண்ணை சொன்னது

அண்ணையை நினைத்தால் முதலில் எனக்கு வருவது அவருடைய முகமல்ல, மண்ணுக்கு ஒரு சாண் மேலே அசையாமல் நின்றுபோன, மண் வெட்டும் ஒரு சவள். குத்துவதற்குத் தூக்கியவர் குத்தவில்லை, கீழே வைக்கவும் இல்லை. ஜெர்மனியில் ஒரு சிறு மலையின் உச்சியில், பீச் மரங்கள் இன்னும் துளிர்க்காத ஒரு காலைப் பொழுது அது. அவர் பயந்துவிட்டார் என்று கண்டதும் இரண்டடி தள்ளி நின்ற நான் இன்னும் இரண்டடி பின்னுக்குப் போனேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். பக்கத்தில் ஒருவர் பயந்தால், ஏன் என்று கேட்பதற்கு முன்பே நானும் பயந்துவிடுவேன்.

அப்போது நாங்கள் இருவரும் ஹம் நகரத்துக்குத் தெற்கே, ஒரு சிறிய ஊரின் அகதி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். கூடப்பிறந்தவரல்ல, வயதால்தான் அண்ணை; அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வன்னியில் மிளகாய்த் தோட்டம் செய்தவர், அதிகம் பேசாதவர். எனக்கு இருபத்தாறு வயது. அகதி விண்ணப்பத்துக்கான விசாரணை அவருக்கும் இன்னும் நடக்கவில்லை, எனக்கும் நடக்கவில்லை. விடுதியில் எனக்குத்தான் கொஞ்சம் ஜெர்மன் மொழி வரும் என்பதால், தபால்காரர் முதல் பல் வைத்தியர் வரை யார் வந்தாலும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை நல்லதற்கல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு புயலில் மலையில் மரங்கள் விழுந்துவிட்டன, கிளைகளை அப்புறப்படுத்த ஆட்கள் வேண்டும் என்று நகரசபையில் கேட்டார்கள். சும்மா படுத்திருப்பதைவிட மேல் என்று போனோம். ஊர்க்காரர்கள் அந்த உச்சியைப் பழைய கோட்டை என்பார்கள். கோட்டை என்றதும் நான் கோபுரமும் கொத்தளமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். அங்கே ஒரு கல்லுச் சுவர்கூட இல்லை. உச்சியைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் ஒரு மண் மேடு, அதற்கு வெளியே சருகு நிரம்பிய ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, எழுத்தே இல்லாத சனங்கள் யாருக்கோ பயந்து கட்டியது என்று அங்கே பொறுப்பாக இருந்த ஆராய்ச்சிக்காரப் பெண்மணி சொன்னார். அவருடைய பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கோட்டையம்மா என்று வைத்துக்கொண்டோம். நான் சுற்றிப் பார்த்து இதற்கா இவ்வளவு மரியாதை என்று நினைத்தேன். அண்ணை மட்டும் அந்த மேட்டைப் பார்த்தபடி பேய் அறைந்தவர் மாதிரி நின்றார்.

கோட்டையம்மாவுக்கு ஒரு குறை இருந்தது, இந்தக் கோட்டைக்கு வாசல் எங்கே என்று தெரியவில்லை. காட்டுப்பாதை மேட்டை வெட்டிக்கொண்டு உள்ளே போகும் இடம்தான் வாசல் என்று அவர் கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அண்ணை என் தோளைத் தொட்டார்.

"அது வாசல் இல்லைத் தம்பி. வண்டில் போறதுக்கு ஆரோ பிறகு உடைச்சிருக்கினம். வாசல் நேரா இராது. நேரா இருந்தா அடிக்க வாறவனுக்கு லேசு. அணையின்ரை ஒரு கை உள்ளுக்கு மடிஞ்சிருக்கும். அந்தா, அந்தப் பாறைக்குப் பக்கத்திலை பார்."

அணை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கோட்டையம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். மிளகாய்த் தோட்டக்காரருக்கு இது எப்படித் தெரியும்? கடைசிச் சண்டைக் காலத்தில் ராணுவத்தை மறிக்க மண் அணை கட்டியவர்கள் யார், கட்டுவித்த இயக்கம் எது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை இங்கே அகதி அலுவலகத்தில் எப்படி எடுப்பார்கள், இயக்க ஆள் என்று முத்திரை குத்துவார்களோ என்று விடுதியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒரு கதையாவது நல்லபடி முடியாது. அவரோடு ஒரே அறையில் படுப்பவன் நான். அவர் மேல் ஒரு கேள்வி விழுந்தால் அடுத்த கேள்வி என் மேல்தான் விழும் என்று மனம் கணக்குப் போட்டது. அவர் என்ன சொல்கிறார் என்று கோட்டையம்மா கேட்டபோது, நான், அவருக்குக் குளிருகிறதாம் என்றேன். அந்த அம்மா தன் கையுறைகளைக் கழற்றி அண்ணையிடம் நீட்டினார்.

"இதேன் எனக்குத் தாறா?"

"தந்தா வேண்டிப் போடுங்கோ அண்ணை."

ஆனால் அண்ணையின் கை நீண்ட திசையை அந்த அம்மா பார்த்துவிட்டார். பாறைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து சருகைத் தள்ளிப் பார்த்தார். அணையின் ஒரு நுனி உள்ளே மடிந்துதான் இருந்தது. அவர் அங்கிருந்து அண்ணையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை, மரியாதைதான் இருந்தது. அது இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு அந்தப் பார்வை என் நித்திரையைக் கெடுத்தது.

வசந்தம் வந்ததும் அந்த மடிப்புக்குப் பக்கத்தில் அணையைக் குறுக்கே வெட்டிப் பார்க்க ஆயத்தம் செய்தார்கள். கோட்டையம்மா அண்ணையைத்தான் கேட்டு எடுத்தார், முதல் வெட்டும் அவர்தான் என்று கையில் சவளைக் கொடுத்தார். அப்போதுதான் அது ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"இதிலை வெட்ட ஏலாது தம்பி. இதுக்குள்ளை ஆக்கள் இருப்பினம். அவவிட்டைச் சொல்லு."

"என்ன கதை இது? ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தினது அண்ணை."

"எந்த வருசமெண்டால் என்ன? அணை எண்டால் அணைதான்."

பிறகு, குரலை உயர்த்தாமல், சவளைப் பிடித்தபடியே சொன்னார். "நாங்கள் கட்டேக்கை ஷெல் விழுந்தது. மச்சான், என்ரை மனிசியின்ரை தம்பி, எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவன். தூக்கிக்கொண்டு போக விடேல்லை. பொழுதுபட முன்னம் அணை முடியோணும் எண்டவை. அவனை அதுக்குள்ளையே வைச்சு மண்ணைப் போட்டம். நானும் போட்டனான்."

நான் ஒரு நல்ல மனிதனாக இருந்திருந்தால் அந்த இடத்தில் அவருடைய கையைப் பிடித்திருப்பேன். எனக்கோ கோட்டையம்மாவுக்குத் தமிழ் விளங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. மரத்துக்கும் காது இருக்கிறதோ என்று சுற்றிப் பார்த்தேன்.

"இதை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. விசாரணையிலையும் வாய் திறக்காதேங்கோ. கடைசி மட்டும் தோட்டம் செய்தனான் எண்டு சொல்லுங்கோ, போதும்."

"சொல்லாட்டில் பிழையில்லையோ?"

"சொன்னாத்தான் பிழை."

கோட்டையம்மாவிடம் அவருக்கு முதுகு வலி என்றேன். அவர் ஒரு மடக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். மற்றவர்கள் வெட்ட, அண்ணை இரண்டு நாளும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் இருந்துகொண்டு, விழும் ஒவ்வொரு சவள் மண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். எரிந்த மரத்தின் கரியும் சிவந்த மண்ணும் கல்லும் வந்தன. எலும்பு வரவில்லை. சோறு இறங்காமல் அவரும் இருந்தார், அவரைப் பார்த்து நானும் இருந்தேன்.

விசாரணையில் அண்ணை நான் சொன்னபடியே சொன்னார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மஞ்சள் உறையில் வந்த அந்தக் கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். சண்டையின் கடைசி மாதங்களில் எங்கே இருந்தார் என்பதற்கு நம்பும்படி பதில் இல்லை என்று எழுதியிருந்தது. அதில் பிழை சொல்ல முடியாது. அந்த மாதங்களை அவருடைய கதையிலிருந்து வெட்டி எடுத்தவன் நான். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அண்ணை மெலிந்துபோனார். மேல்முறையீட்டுக்கு வந்த சட்டத்தரணி, உண்மை முழுவதையும் சொல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். அதற்குள் என் வழக்கு முடிந்து எனக்கு விசா கிடைத்துவிட்டது.

நீதிமன்றத்துக்குத் துணைக்கு வரச்சொல்லி அண்ணை கேட்டார். பின்வரிசை வாங்கில் இருந்தேன். மொழிபெயர்ப்பதற்கு அவர்களுடைய ஆள் ஒருவர் இருந்தார். அண்ணை கையால் மேசையில் வரைந்து வரைந்து அணை கட்டும் விதத்தைச் சொன்னார். மச்சானைச் சொன்னார். நீதிபதி அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை, யாராவது சொல்ல வேண்டாம் என்றார்களா என்று.

எழும்பி, நான்தான் என்று சொல்ல இரண்டு சொல் போதும். மொழியும் தெரியும். என் விசாவைப் பறிப்பார்களோ என்று நினைத்தேன். வாங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குப் பயமா இருந்தது."

நீதிபதி அம்மா ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வாய்க்கு அருகில் பிடித்து, அந்த வசனத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் பதிந்தார். பிறகு அண்ணைக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது.

இப்போது அவர் கெல்சென்கிர்ச்சனில் மனைவியோடு இருக்கிறார். நான் ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். யாராவது அன்ட்ராக் என்று விண்ணப்பமோ, டெர்மீன் என்று சந்திப்புக் கடிதமோ கொண்டுவந்து மொழிபெயர்க்கக் கேட்டால் ஏலாது என்று சொல்லிவிடுவேன். தலைக்கனம் என்று சனம் நினைக்கிறது, நினைக்கட்டும். போன மாதம் அண்ணை கேட்டு நாங்கள் இருவரும் அந்த மலைக்குப் போனோம். வாசலில் இப்போது ஒரு அறிவிப்புப் பலகை நிற்கிறது. வாசித்துச் சொல்லச் சொன்னார். மனித எலும்புகள் எதுவும் கிடைக்கவில்லை என்ற வரிவரை ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன்.

"முழுக்க வெட்டிப் பாத்தவையோ?"

"இல்லை அண்ணை. இந்த ஒரு இடம்தான்."

அவர் தலையாட்டினார். அணையில் பள்ளிப் பிள்ளைகள் ஏறி ஓடிக்கொண்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் நான் எழும்பாததைப் பற்றி அப்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன், வாயையும் திறந்தேன். எனக்குத் தெரியாதோ என்று அவர் சிரித்துவிடுவாரோ, சிரிக்காமல் விட்டுவிடுவாரோ, எதற்கு அதிகம் பயந்தேன் என்று தெரியவில்லை. சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீதிமன்றக் கோப்பில் அது இன்றும் அண்ணையின் பயமாகத்தான் இருக்கிறது. அது என்னுடையது.