வச்சிரம் என்று எழுதிய சீட்டு

ஓரகத்தியைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்து இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறோம். நான் சமைத்ததை உப்புக் குறை சொல்லாமல் அவள் சாப்பிட்டதில்லை. அவள் துவைத்து மடித்ததை நான் திரும்ப மடிக்காமல் விட்டதில்லை. வேலை பார்ப்பதும் ஒரே அருங்காட்சியகத்தில்தான். நான் முன்கட்டில் டைப் அடிக்கிறவள், அவள் பின்கட்டில் எலும்பறைப் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் அவள் எலும்பக்கா. எங்களுக்குள் ஆயிரம் இருக்கட்டும், அவளுக்கு அந்த டாக்டர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் தச்சர் மகள். இருபத்திரண்டு வயதில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதிருந்த அதிகாரி, மண்ணிலிருந்து தோண்டி எடுத்த மனித எலும்புகள் தொட்டால் உதிர்வதைப் பார்த்துக் கலங்கிப் போயிருந்தார். ஆயிரக்கணக்கான வருஷத்து எலும்புகள், வேறென்ன செய்யும்? விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு இவள்தான் சொன்னாளாம்: "எங்கப்பா உடைஞ்ச நாற்காலிக் காலையே வச்சிரம் போட்டு ஒட்டிருவாரு சார்."

வச்சிரம் என்றால் மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற தச்சர் பசை. மறுநாளே அப்பாவின் பட்டறையிலிருந்து ஒரு கட்டி கொண்டுவந்தாள். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் சட்டியைக் கிண்ட, அதிகாரி தூரிகையால் பூசினார். முப்பத்தொரு பெட்டியில் ஐந்து பெட்டிக்குப் பூசியதும் கட்டி தீர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது தப்பில்லை. எலும்பு தூளாகாமல் நின்றதே பெரிய காரியம். ஆனால் அதிகாரி பதிவேட்டில் ஒரு வரி எழுதவில்லை. பெருக்க வந்தவள்தான் எழுதினாள். ஐந்து பெட்டிக்குள்ளும் ஐந்து சீட்டு, மேலே தேதி, கீழே ஒரே சொல்: வச்சிரம்.

முப்பத்தைந்து வருஷம் கழித்து டாக்டர் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, எலும்பை ஆராய்ச்சி செய்கிற டாக்டர். எலும்பில் ஒரு துண்டு வெட்டி, அமிலத்தில் ஊறவைத்து, மிஞ்சுகிற புரதத்தை எந்திரத்தில் எரித்து, அதில் கனமான நைட்ரஜன் எவ்வளவு என்று பார்ப்பார். கறியும் மீனும் தின்றவர்களுக்கு அது கூடும், செடிகொடி மட்டும் தின்றால் குறையும். "நரம்பில்லாத நாக்கு என்ன வேணா பேசும், எலும்பு பொய் சொல்லாது" என்பார். நல்ல வித்தைதான், வித்தையை நான் குறை சொல்லவில்லை.

பார்த்தால் உறுதியாக இருந்த ஐந்து பெட்டிகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். ஏன் உறுதியாக இருக்கின்றன என்று யோசிக்கவில்லை. அவருடைய அறைக்கும் எலும்பறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

முடிவு வந்தது. நைட்ரஜன் அடிமட்டம். அந்தக் காலத்து ஜனங்கள் புலாலே தொடாதவர்கள் என்று அறிவித்தார். டாக்டரும் காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர், அது அவர் வயிறு, நமக்கென்ன. ஆனால் மூதாதையரையே தன் பந்தியில் உட்காரவைத்துக்கொண்ட சந்தோஷத்தில் மனுஷர் தரையில் நடக்கவில்லை. பத்திரிகையில் படம் வந்தது. கூடத்துச் சுவரில் ஆளுயரப் பலகை ஏறியது. பெரிய மண்டபத்தில் பேச்சு.

அந்தப் பேச்சுக்குத் திரையில் காட்டும் படங்களைத் தயார் செய்தவள் நான். ஒரு படத்தில் பழுப்பேறிய சீட்டு ஒன்று இருந்தது. கீழே போடச் சொல்லி அவர் தந்த வரி: "எலும்புப் பெட்டியில் கிடைத்த மதிய உணவுப் பட்டியல்: வஞ்சிரம்." கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. எலும்புப் பெட்டியில் மீன் கணக்கு எழுதி வைத்திருக்கிறாளே என்று மண்டபத்தோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஓரகத்தி மானம் போவதில் எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமாகிவிடுவேன்.

நாலு மாதத்தில் வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. சரிபார்க்க இங்கிருந்து அனுப்பியிருந்த எலும்புத் துண்டை வெந்நீரில் போட்டதும் பசை கரைந்து வந்ததாம். நீங்கள் அளந்தது மனிதனை அல்ல, பசையாகிப்போன மாட்டை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். புல் தின்ற மாட்டுக்கு நைட்ரஜன் குறையாமல் என்ன செய்யும்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "அனுமதியின்றி எலும்புகளில் பசை பூசி, அதை மறைத்த குற்றத்துக்காக உங்களை ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது?" என்று எலும்பக்காவுக்கு ஓலை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது அவளுக்கு. அந்த ஓலையையும் நான்தான் டைப் அடித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சீட்டு எழுதித்தான போட்டேன்" என்றாள். "அஞ்சு பெட்டிலயும் போட்டேன். சீட்டே இல்லங்கிறாரு அந்த டாக்டர். யார் நம்புவா?"

"என்னன்னு எழுதினீங்கக்கா?"

"வச்சிரம்னு."

"மீனா?"

"மீனா? எந்தக் கிறுக்கு எலும்புக்கு மீனைப் பூசும்? பசைடி. எங்கப்பா காய்ச்சுவாரே, வச்சிரம்."

முதலில் வெட்கம் வந்தது, அதற்குப் பின்னால் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

விசாரணைக்கு இயக்குநர், டாக்டர், வெளியிலிருந்து இரண்டு பேர். எழுதிக்கொள்ள நான். அப்படிப்பட்ட சீட்டு எதையும் தான் கண்டதில்லை என்று டாக்டர் கூசாமல் சொன்னார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு, திரையில் அந்தப் படத்தைப் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

வெளியிலிருந்து வந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். "வ, ச், சி, ர, ம்." பிறகு கீழே இருந்த வரியைப் படித்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"பழைய எழுத்து. மீன்னு நினைச்சிட்டேன்" என்றார் டாக்டர். "அந்தச் சொல்லு எனக்குப் பழக்கமில்ல."

எலும்பக்கா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பழக்கமில்லன்னா கேட்டிருக்கலாமே சார். நான் பக்கத்து ரூம்லதான இருந்தேன்."

ஓலை ரத்தானது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி வரும் என்று காத்திருந்தேன், டைப் அடிக்க எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. டாக்டர் இன்னும் டாக்டராகத்தான் இருக்கிறார்.

அவளே பசை பூசாத பெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். வெளியில் அனுப்பிச் சோதித்தார்கள். நைட்ரஜன் உச்சத்தில் இருந்தது. கடல் மீனை மூக்குமுட்டத் தின்ற ஜனங்களாம். பலகையைக் கழற்றிய அன்று இயக்குநர் எங்கள் இருவரையும் பார்த்து, "கடைசில மீன்தான் சரியா வந்துருக்கு, பாத்தீங்களா? டாக்டர் தப்பாப் படிச்சதும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். பலகையைப் பிடித்திருந்த ஆட்களும் சிரித்தார்கள்.

எலும்பக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஒருமுறை சிரித்தது போதும்.