யாரும் கழற்றாத வெள்ளி

1996 செப்டம்பர் 14, இரண்டாம் சனிக்கிழமை. அலுவலகம் இல்லை. ஐந்தேகால் மணிக்கு எழுந்தேன். வழக்கம்போல் சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, மனைவியின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். நிறம் பச்சை. சர்க்கரை கொஞ்சம் உண்டு, கவலைப்படும் அளவுக்கு இல்லை. டைரியில் குறித்தேன். ஏழு மணிக்கு, மண்பானைத் தண்ணீரில் மிதக்கும் டப்பாவிலிருந்து இன்சுலினை எடுத்து அவளே போட்டுக்கொண்டாள். ஏழரைக்குப் புட்டும் பயறும் சாப்பிட்டோம். ஒன்பது பத்துக்கு, கேரள எல்லையோரம் உள்ள எங்கள் ஊரான காரோட்டிலிருந்து பாறசாலைக்குப் பஸ் ஏறினோம். ஆசாரியிடம் ஒரு நகை செய்யக் கொடுக்க வேண்டும்.

அந்த நகைக்குக் காரணம், பதினொரு நாள் முன்பு நடந்தது. அவள் பூவாரில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துவந்தாள். அன்று ஒரு மாணவி தைத்த ஜாக்கெட்டில் கை சரியாக உட்காரவில்லை என்று பிரித்துத் தைக்க உட்கார்ந்தவள், மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டாள். இன்சுலின் போடுகிறவர்கள் செய்யக் கூடாத காரியம் அது. மூன்று மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் சரிந்து விழுந்தாள்.

அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள்தான் தூக்கினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தால், முகத்தில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே பொன்னைக் கழற்றிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. மாலை, வளையல், கம்மல் எல்லாவற்றையும் ஒருத்தி தன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டின் நுனியில் முடிந்துகொண்டு, ஆட்டோவில் கூடவே போயிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்ததும் முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக என் கையில் வைத்தாள். ஒரு திருகாணிகூடக் குறையவில்லை.

ஆனால் விழுந்தவளுக்கு என்ன நோய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்திருந்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் கண்டுபிடித்துக் குளுக்கோஸ் ஏற்றுவதற்குள் பொன்னான நேரம் போய்விட்டது. “அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காமல் போகலாம். கழுத்திலோ கையிலோ எதிலாவது எழுதிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார். அதன் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை.

முதலில் ஒரு அட்டையில் தெளிவாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, நாடா கோத்துக் கொடுத்தேன்.

“சந்தைக்குப் போற ஆட்டுக்காக்கும் இப்பிடி கட்டுதது” என்றாள். அட்டை மூன்று நாள் தையல் மெஷின் டிராயரிலேயே கிடந்தது. நான் மீண்டும் கேட்டபோது ஒரு நிபந்தனை விதித்தாள். “பாக்க நல்லா இருந்தா போடுவேன். இல்லெங்கி ஒங்க கழுத்துல கட்டிக்கிட்டு எனக்க பொறத்தால வாருங்க.”

ஆகவே நான்கு நாள் உட்கார்ந்து, மாங்காய் வடிவப் பொன் பதக்கம் ஒன்றை மூன்று கோணத்தில், மில்லிமீட்டர் கணக்கோடு வரைந்தேன். எழுத்துகள் பின்பக்கம்.

ஆசாரி சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் வேலை செய்துவந்தார். என் படத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “கொள்ளாம். சாரு ஆப்பீஸ விட்டுட்டு எனக்க கூட இருக்கலாம்” என்றார். பிறகு மனைவியிடம், “அன்னைக்கு ஆராக்கும் தூக்கிக்கிட்டுப் போனது?” என்று கேட்டார்.

அவள் அந்த மீன்காரப் பெண்ணைப் பற்றிப் பெருமையாகச் சொல்லத் தொடங்கினாள். “எனக்கு ஓர்மையே இல்ல அண்ணா. மாலெ, வளையலு, கம்மலு வரெ கழத்தி, துவர்த்துல முடிஞ்சு...” அங்கேயே நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்போ இதையும் முடிஞ்சிருப்பாளே!”

ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “டாக்டரு நோயெத் தேடுவாரு. எழுத்து மீன்காரிக்க துவர்த்துல பத்திரமா இருக்கும்!”

அந்த நகைகளை என் கையில் வாங்கி எண்ணியவன் நான். மூன்று கோணத்தில் வரைந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

“வெள்ளியில செய்வோம்” என்றார் ஆசாரி. “வெள்ளியெ ஆரும் கழத்த மாட்டாவ. அதுக்கு அந்த மரியாதெ இல்ல.”

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் அவர் எடுத்துப்போட்ட வெள்ளித் துண்டுகளில், மணிக்கட்டின் வளைவுக்கு ஏற்றாற்போல் லேசாக வளைந்த ஒரு தகட்டைப் பொறுக்கினாள். ஒன்றரை அங்குல நீளம், ஓரத்தில் பிச்சிமொட்டு வேலைப்பாடு. இரண்டு பக்கமும் மூன்று சரம் சின்னக் கறுப்பு மணி கோக்கச் சொன்னாள். பிறகு தகட்டின் ஓரத்தைத் தன் சேலை முந்தியில் மெல்ல இழுத்தாள். நூல் மாட்டியது. “துணியில மாட்டுனா நான் கழத்தி வச்சிருவேன்” என்றாள். ஆசாரி ராவினார். மறுபடி இழுத்தாள், மாட்டியது. மூன்றாவது தடவை வழுக்கிக்கொண்டு போனது.

அடுத்தது வாசகம். நான் “சர்க்கரை நோயாளி” என்று எழுதி வைத்திருந்தேன். ஆசாரி உதட்டைப் பிதுக்கினார்.

“சாரே, இதெப் படிச்சா நம்ம ஆளுவ சாயாவுல கூட சர்க்கரெ போடாம குடுப்பாவ.”

அது உண்மை. சர்க்கரை தேவைப்படும் நேரத்தில் என் எழுத்தே அதைத் தடுத்துவிடும். ஒருவேளை முழுதாக மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் சேர்த்து நான் நான்கு வாக்கியம் எழுத, “இது கையா, பஞ்சாயத்து போர்டா?” என்று அவள் கேட்டாள். வெட்டி வெட்டிக் கடைசியில் நின்றது இவ்வளவு: இன்சுலின் போடுபவர். தளர்ந்தால் சர்க்கரை. மயங்கினால் ஆஸ்பத்திரி. பூவாரில் விழுந்தால் படிக்க முன்பக்கம் மலையாளம், களியக்காவிளைச் சந்தையில் விழுந்தால் படிக்கப் பின்பக்கம் தமிழ்.

ஆசாரி எழுத்து வெட்டி, மணி கோத்து முடிக்க மத்தியானம் இரண்டரை மணி ஆனது. அதற்குள் அவளை ஓட்டலில் நேரத்துக்குச் சாப்பிட வைத்தேன்.

கையில் போட்டதும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அவள் முந்தியை இழுத்து மணிக்கட்டின்மேல் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் அவளே சொன்னாள்: “வேலப்பாடு குற்றமில்ல. நோயெ எழுதி ஒட்டிக்கிட்டு நடக்குதது மாதிரி இருக்கு, அதாக்கும்.”

“மூடி வைத்தால் யார் படிப்பார்கள்?”

“நாளைக்குப் பாப்போம்” என்றாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு. ஐந்தரைக்குப் பால்கார அக்காவின் சத்தம் கேட்டது. மனைவி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் சன்னல் பக்கம் நின்றேன். பாத்திரத்தை நீட்டியபோது முந்தி அந்தக் கையில் இல்லை.

“இது எப்போ வாங்குன மக்கா? கொள்ளாமே!” என்று அந்த அக்கா மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“நேத்து. அதுல எழுத்து உண்டு. வாசிச்சுப் பாருங்க அக்கா.”

அக்கா விளக்கு வெளிச்சத்தில் கையை உயர்த்திப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘தளர்ந்தால்’ என்ற இடத்தில் ஒருமுறை நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். “எனக்குத் தெரியாம போச்சே! அன்னைக்கு பூவாருல விழுந்தது இதுக்காக்குமா? நம்ம வழியில எல்லாருக்கும் சொல்லுதேன், நீ பேடிக்காண்டாம்” என்று சொல்லிக்கொண்டே பால் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

மனைவி பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுப் பால் இல்லை. நான் அதை வாங்கிக்கொண்டு, செருப்புப் போடாமல் அக்காவின் பின்னால் ஓடினேன்.