அளக்காமல் போடாத கையெழுத்து

பார்வதத்தைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான்தான். அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். எங்கள் கலைக் கல்லூரியில், யாராக இருந்தாலும் வேறொரு துறையிலிருந்து இரண்டு வருஷம் துணைப்பாடம் எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வரலாறு படித்த பெண்கள் எல்லாரும் சங்கீதத்துக்கு ஓடினார்கள். பாட வராவிட்டாலும் பாஸ் போட்டுவிடுவார்களாம். பார்வதம் ஒருத்தி மட்டும் நிதியியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கள் பி.காம். வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

"ராஜா கதை படிக்கிறவளுக்கு பேலன்ஸ் ஷீட் இன்னாத்துக்குடி?" என்று கேட்டேன். ஆவடியிலிருந்து ஒரே ரயிலில் போகிறவர்கள் என்ற உரிமை.

"ராஜாவுக்குத் துட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எங்க புக்குல போடல பத்மா. அதான் வந்துகீறேன்."

முதல் டெஸ்டில் பதினாறு மார்க். "இதில் தேறாவிட்டால் பட்டமே கிடையாது, மாற்றிக்கொள்" என்றார் பேராசிரியை. "பெயிலானா திரும்ப எழுதுறேன் மிஸ். மாத்த மாட்டேன்" என்றாள். அடேயப்பா, என்ன திமிர் என்று வகுப்பே பேசியது.

அவள் அப்பா வீராசாமி தளவாடத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. அவர் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு உதிரிபாகமும் அந்தப் பிரிவைத் தாண்டாது. தொண்ணூற்றைந்தில் ரிடையர் ஆனார். மாலை போட்டு ஜீப்பில் கொண்டுவந்து குவார்ட்டர்ஸில் இறக்கிவிட்டார்கள். மறுநாளே, கூட வேலை பார்த்த குணசேகரன் ஒரு பைனான்ஸ் கம்பெனி பாரத்தோடு வந்து நின்றார். நூற்றுக்கு முப்பது வட்டி. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். திருநின்றவூரில் மனை வாங்க வைத்திருந்த பி.எஃப். பணம்தான் வீட்டின் மொத்தச் சொத்து. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

"ஏசி ஆபீசு அண்ணாத்தே. வெள்ளி வெளக்கு வேற கிப்டு. மூணு வருசம் போட்டு வையி, மனை இன்னா, ஊடே கட்டிக்கலாம்."

"மாமா, கம்பெனி கணக்கு கீதா?" என்றாள் பார்வதம்.

சிரித்துக்கொண்டே ஒரு வழவழப்பான புத்தகத்தை நீட்டினார். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தாள்.

"சம்பாரிக்கிறத வுட வட்டி ஜாஸ்தியா குடுக்குறாங்க. புதுசா போடுறவன் துட்ட எடுத்துப் பழைய ஆளுக்குக் குடுத்துகினு கீறாங்க."

வீராசாமிக்குக் கோபம் தலைக்கேறியது. "எனக்கே பாடம் எடுக்குறியா? பேக்டரில பாதிப் பேரு போட்டுகீறான்!" என்று பேனாவைத் திறந்தார்.

அவள் பாரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "நைனா, முப்பத்திநாலு வருசத்துல அளக்காத பீசுக்கு ஒரு கையெழுத்தாவது போட்டுகீறியா?"

"எவன் சொன்னான்? ஒண்ணு கூட கிடையாது!"

"இத அளந்தியா?"

அவர் குணசேகரனைப் பார்த்தார். குணசேகரன் சுவரைப் பார்த்தார். பேனா மறுபடி பைக்குள் போயிற்று.

ஒரு மாதம் மகளோடு அவர் பேசவில்லை. பொட்டைப்பிள்ளை பேச்சைக் கேட்டுக் கெட்டார் என்று குணசேகரன் தெருத்தெருவாகச் சொன்னார். போகட்டும் என்றாள் அவள். மனையை வாங்கியபிறகுதான் ஓய்ந்தாள்.

இரண்டே வருஷத்தில் அந்தக் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. அதற்குள் திருநின்றவூர் வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது.

நிதியியலில் அவள் வாங்கியது நாற்பத்து மூன்று. நான் எண்பத்தொன்று, வகுப்பிலேயே முதல். வரலாறு படிக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, குணசேகரன் வந்த அதே வாரம் அதே கம்பெனி பாரத்தை எங்கப்பாவுக்கு நிரப்பிக் கொடுத்தவளும் நான்தான்.