அர்ச்சுனன் நீட்டிய விரல்

எங்கள் பக்கத்து வீட்டு அர்ச்சுனன் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். எங்கள் லாயாங் லாயாங் ஊரில் அவருடைய ஹார்ன் சத்தம் கேட்ட பிறகுதான் பாதிப் பிள்ளைகள் சப்பாத்தைத் தேடும். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்த மனிதர். அப்பேர்ப்பட்டவருக்கு, விரல் நுனியில் ஒரு சின்ன ஊசியைக் குத்திக்கொள்ளச் சொன்னால் முகம் வெளுத்துப்போகும். சொன்னால் நம்பமாட்டீர்கள். நானே முதலில் நம்பவில்லை.

“அலகு முருகன் குத்துறது, டீச்சர். இது நானே குத்திக்கணும்ல?” என்பார்.

என் பெயர் வினிஃப்ரெட். பாலர் பள்ளியில் பிள்ளைகளை மேய்த்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ குழந்தைகளை ஊசிக்கு வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். ஒன்றுகூட இந்த மனிதரைப்போல அழிச்சாட்டியம் பண்ணியதில்லை.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து சில வருஷமாகிறது. டாக்டரைப் பார்க்க ஜொகூர் பாரு வரைக்கும் போனால் பஸ் வேலை கெடும் என்று, மாதம் ஒரு தடவை டாக்டர் லோஷினி அவரை வீடியோவில் பார்ப்பார். அதற்கு என் வைஃபை, என் கைப்பேசி, அதைப் பிடித்துக்கொள்ள என் கை. ஆகவே அவர் வைத்தியத்தில் எனக்கும் அதிகாரம் உண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“சுகர் எவ்வளவு, அங்கிள்?” என்று டாக்டர் கேட்பார்.

“ஏழு, டாக்டர்.”

எங்கள் ஊர் மெஷின் கணக்கில் ஏழு என்றால் கட்டுக்குள் இருக்கிறது, பத்தைத் தாண்டினால் ஆபத்து. அடுத்த மாதம் கேட்டாலும் ஏழு. அதற்கடுத்த மாதமும் ஏழுதான். சுகர் பார்க்கிற மெஷின் பெட்டி பிரிக்காமலே சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. டாக்டர் வயதில் சின்னவர்தான், ஏமாளி இல்லை.

“அதெப்படி அங்கிள் எல்லா மாசமும் ஏழு? அடுத்த தடவை பசியாறுறதுக்கு முன்னாடி, என் கண்ணு முன்னாலயே குத்திக் காட்டுங்க. ரொம்ப அதிகமா இருந்தா இன்சுலின் ஊசி பத்திப் பேசணும். அது தினமும் போடணும்.”

தினமும் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் சுருண்டுவிட்டார். போதாக்குறைக்கு, முந்தின வாரம்தான் குளுவாங்கில் ஒரு கல்யாணத்தில் யாருக்கும் தெரியாமல் பாயாசத்தை வாங்கி வாங்கிக் குடித்திருந்தார்.

அது ஒன்றுதான் அவர் செய்த திருட்டு. மற்றபடி அவர் வாயில் ஒரு துளி சர்க்கரை விழ அவர் மனைவி செல்வராணி விட்டதில்லை. கோயில் சர்க்கரைப் பொங்கல், தீபாவளி அதிரசம், எதிர்வீட்டு மலாய்க்காரம்மா அனுப்பும் பலகாரம் எதுவானாலும், வாசல் தாண்டி உள்ளே வந்ததும் அவளே தின்று தீர்த்துவிடுவாள். அவர் பழக்கதோஷத்தில் இரண்டு பொட்டலம் தே தாரேக் பால் டீ வாங்கி வந்தால் இரண்டையும் அவளே குடிப்பாள்.

“கொட்டுனா பாவம், டீச்சர். வச்சா இவரு தின்னுடுவாரு. நான்தானே முடிக்கணும்?”

தியாகத்திலும் இப்படி ருசியான தியாகம் உண்டா என்று நான் கேலி பண்ணுவேன். இவ்வளவு தின்றும் அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். கையில் எந்நேரமும் தண்ணீர் போத்தல். கேட்டால், “வெயில் லா, டீச்சர்” என்பாள். நானும் வெயில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை கைப்பேசியோடு போனேன். அர்ச்சுனன் முழுக்கை பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். செல்வராணியைக் காணோம். டாக்டர் திரையில் வந்து வணக்கம் சொல்லி, “குத்துங்க அங்கிள்” என்றார். அவர் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்தது. நகத்தில் மருதாணி!

அலமாக்! சோபாவுக்குப் பின்னால் மண்டியிட்டுக்கொண்டு, அவர் சட்டைக் கைக்குள் தன் கையை விட்டிருக்கிறாள் மகராசி. அவருடைய சொந்தக் கை சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்குக் கைப்பேசியாலேயே இரண்டு பேர் தலையிலும் போட்டிருப்பேன். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விரலில் குத்தி மெஷினில் ரத்தத்தை வைத்தார்கள். பத்தொன்பது என்று காட்டியது.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அங்கிள், கையில இனிப்பு ஏதாச்சும் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வேற விரல்ல பாருங்க.”

அர்ச்சுனன் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்? அந்தக் கை அவரோடு வராதே. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அதில் இருந்தது, ஐயோ தினமும் ஊசியா என்ற பயம். பிறகு மருதாணி விரலைக் குனிந்து பார்த்தார். அதற்கப்புறம் அவர் முகத்தில் வந்த பயம் வேறு.

“டாக்டர்,” என்றார். “இது என் விரல் இல்ல டாக்டர். என் வீட்டுக்காரியோடது.”

நான் கைப்பேசியை அப்படியே சோபாவுக்குப் பின்னால் திருப்பினேன். செல்வராணி மண்டியிட்டபடி டாக்டருக்கு வணக்கம் சொன்னாள்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு அவளையே மறுபடி பார்க்கச் சொன்னார். திரும்பவும் பத்தொன்பதுதான்.

“ஆன்ட்டி, ரொம்ப தாகம் எடுக்குதா? ராத்திரி அடிக்கடி எந்திரிச்சு பாத்ரூம் போறீங்களா?”

“ஆமா டாக்டர். வயசாச்சுல்ல, அதான்னு நெனச்சேன்.”

“இத்தனை நாள் ரத்தம் சோதிச்சதே இல்லையா?”

“எனக்கு எதுக்கு? இவருக்குத்தானே சீக்கு.”

இன்றைக்கே கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுக்கவேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு, “அங்கிள், இப்ப உங்க விரல்” என்றார்.

அர்ச்சுனன் ஊசியை எடுத்து நறுக்கென்று குத்திக்கொண்டார். விரலைக்கூடப் பார்க்கவில்லை. செல்வராணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினில் ஏழு வந்தது. சத்தியமாக ஏழு! இத்தனை மாதமாகப் புளுகிய ஏழு, உண்மையாகவே வந்து நிற்கிறது. சிரிக்கவேண்டிய நேரம்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

“என் வாய்க்கு வரவேண்டியதையெல்லாம் நீ தின்னுட்டியா, ராணி?” என்று கேட்டுவிட்டு அவர் அழுதார். கன்னத்தில் வேல் ஏறியபோது ஒரு சொட்டு விடாத கண் அது. எனக்கும் தாங்கவில்லை. கேலி பண்ணிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பள்ளி பஸ்ஸிலேயே அவளைக் குளுவாங்குக்கு அழைத்துக்கொண்டு போனார். அவ்வளவு பெரிய பஸ்ஸில் முன் சீட்டில் அவள் ஒருத்தி. இனிப்பு நீர்தான் என்று பரிசோதனையில் உறுதியானது. முற்றிவிட்டதால் இப்போதைக்கு இன்சுலின்தான் என்று சொல்லிவிட்டார்கள். தினமும்.

அவளுக்குத் தானே போட்டுக்கொள்ளக் கை வரவில்லை. தாதி அர்ச்சுனனுக்குச் சொல்லிக்கொடுத்தார். நேற்றுக் காலை நான் போனபோது அவர் பஸ் எடுக்கப் போகுமுன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, “முருகா” என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியைப் போட்டார். மேசையில் எதிர்வீட்டுப் பலகாரத் தட்டு மூடியபடி இருந்தது. அது எனக்காம். எனக்கும் சோதித்துப் பார்க்கத் தேதி வாங்கிவிட்டேன், அது வேறு கதை.

“வலிச்சுச்சா, ராணி?” என்று கேட்டார்.

“இல்லங்க.”

“பொய் சொல்லாத.”

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: “மாசா மாசம் நீங்க ஏழுன்னு சொன்னப்ப, நான் ஏதாச்சும் கேட்டேனா?”