செங்கல் வைத்த பக்கம்

1. பச்சைக் கிண்ணம்

எண்பதுகளின் நடுவில், துபாய் அல் கூஸில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் ஓவன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதல் நாள் எனக்குச் சொன்ன முதல் விதி ஓவனைப் பற்றியது அல்ல. மேடத்தின் மேஜையில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தைத் தொடாதே, அதற்கு எதிரே நிற்காதே என்பதுதான். சொன்னவர் ஃபோர்மேன் சிவநேசன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாது. ஆனா மத்தியானத்தில அது தன்ர பாட்டில சத்தம் போடும். நீரே கேப்பீர்."

மேடம் என்றால் ஹெல்வி மேடம், ஃபின்லாந்து நாட்டுக் கண்ணாடி டிசைனர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டையாக வெட்டிய வெள்ளை முடி. பதினாறு வயதில் ஊர்ப்பக்கம் ஒரு கண்ணாடி ஃபேக்டரியில் பேக்கிங் வேலைக்குப் போனவர், பிறகு அங்கேயே படம் வரையக் கற்றுக்கொண்டு டிசைனர் ஆகிவிட்டார். ஒரு ஹோட்டல் லாபிக்குப் பதின்மூன்று கண்ணாடித் தட்டுகள் வார்த்துத் தர இங்கே வந்திருந்தார். ஒவ்வொரு தட்டும் இரண்டரை அடி அகலம், இரண்டு அங்குலக் கனம், ஐம்பது கிலோவுக்கு மேல். எல்லாம் ஸ்டீல் கம்பியில் ஜனங்களின் தலைக்கு மேல் தொங்கவேண்டியவை.

அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே லட்சணம். அதனால் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டோம்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஏசியை நிறுத்துவார்கள். பட்டறை ஒரு நிமிஷம் செத்ததுபோல் கிடக்கும். அப்போது கேட்டது, மெல்லிசாக ஒரு 'டிங்'. மேடம் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாய் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்த அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை பெருக்கும் பாகிஸ்தான் பட்டாணியர், "ஜின் ஹை பாய்," அதில் பேய் இருக்கிறது என்று, அந்தப் பக்கமே போகமாட்டார். நான் அவரைக் கிண்டல் செய்தேன். அவர் வராத நாளில் என் முறை வந்தபோது விளக்குமாற்றை எட்ட நீட்டிப் பெருக்கினேன்.

2. ஏழாவது தட்டு

கண்ணாடி வார்ப்பது பெரிய காரியமில்லை. ஆறவைப்பதுதான் வேலை. வெளிப்பக்கம் முதலில் ஆறி இறுகிவிட்டால், உள்ளே சூடாக இருப்பது பின்னால் சுருங்கி இழுக்கும். அந்த இழுப்பு உள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நாளைக்கும் உடையலாம், பத்து வருஷம் கழித்தும் உடையலாம். அதனால் ஒரு தட்டுக்கு மூன்று நாள் அனீலிங், ஓவனுக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆறவிடுவது. அதுவரை கதவைத் திறக்கக்கூடாது.

ஏழாவது தட்டு ஓவனில் இருந்தபோது மேடம் கம்பி வேலை பார்க்க ஹோட்டல் சைட்டுக்குப் போய்விட்டார். தட்டை ஏற்றிப்போக லாரி வியாழக்கிழமை வருகிறது, வெள்ளி லீவு.

"தம்பி, கொஞ்சம் கெதியா ஆற வைக்கேலாதோ?" என்றார் அண்ணை.

ஊரில் நான் பாட்டில் கம்பெனியில் இருந்தவன். அங்கே அவசரமென்றால் ஓவன் கதவிடுக்கில் ஒரு செங்கலைச் சொருகிவிடுவோம். சூடு காட்டும் முள் மடமடவென்று இறங்கும். மெல்லிய பாட்டில் அதைத் தாங்கும். இரண்டு அங்குலக் கண்ணாடி தாங்காது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெளியிலேயே அடுப்பு மாதிரி வெயில் அடிக்கிறது, என்ன ஆகிவிடும் என்று நினைத்து, ஐந்நூறு டிகிரியில் செங்கலைச் சொருகினேன். அரை மணி நேரம்தான்.

தட்டு பளிங்கு மாதிரி வந்தது. மேடம் சைட்டில் கேட்டார், "மூன்று நாளும் ஆயிற்றா?" நான் "ஓகே மேடம்" என்றேன்.

3. சோபா

அந்தத் தட்டு ஒரு சோபாவுக்கு நேர் மேலே தொங்கியது. முதல் வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துப் போய் ஹோட்டல் வாசலில் நின்று பார்த்தேன். கீழே யாரும் இல்லை. அடுத்த வெள்ளி போனபோது ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அண்ணாந்து தட்டைப் பார்த்துச் சிரித்தது. ஏசி ஓடுகிற கட்டடம், மூடின கதவு. இருந்தும் என் காதுக்குள் 'டிங்' என்று கேட்டது. அவள் எழுந்து போகிறவரை நின்றேன். செக்யூரிட்டி வந்து விரட்டினான்.

அண்ணையிடம் சொன்னேன்.

"வாயைத் திறவாதையும். விசா தந்த கபீல் அறிஞ்சா விசா கான்சல். நானும் நீரும் ஊருக்குத்தான்."

எனக்கு ஊரில் இரண்டு தங்கைகள். வாயை மூடிக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்காமல் இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஏசி நின்றதும் மேடத்தின் மேஜைக்குப் போனேன். பயத்தில் கிண்ணத்துக்கு நேர் எதிரே நிற்கிறேன் என்பதுகூட உறைக்கவில்லை. செங்கலைப் பற்றிச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கார்ச்சாவியை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் லாபியைக் காலி செய்யவைத்துத் தட்டை இறக்கினோம்.

பட்டறையில் ஒளியை வடிகட்டும் இரண்டு கறுப்பு ஃபிலிம்களுக்கு நடுவே தட்டை நிறுத்தி, பின்னால் விளக்கைப் போட்டார். நல்ல கண்ணாடியென்றால் அதில் இருட்டாகத் தெரியும், இழுப்பு உள்ள இடம் மட்டும் நிறங்காட்டும். தட்டின் ஒரு ஓரம் மயில் கழுத்து மாதிரி மினுமினுத்தது. நான் செங்கல் வைத்த பக்கம்.

அதை மரப்பெட்டியில் மூடிவைத்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு, பக்கத்தில் ஆள் யாரும் இல்லாமல், டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தம். திறந்தால் மூன்று துண்டு. எல்லா விரிசலும் அந்த ஓரத்திலிருந்துதான் கிளம்பியிருந்தது.

4. அவர் சொன்னது

இருபத்துநாலு வயதில் மேடம், கண்காட்சிக்கு அவசரம் என்று, தன் முதல் கிண்ணங்களை ஓவனிலிருந்து சீக்கிரம் வெளியே எடுக்கச் சொன்னாராம். ஒன்று ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வெடித்து, ஒரு சிறுமிக்குக் கண் போயிற்று. பழி ஓவன்காரர்மேல் விழுந்தது. இவர் வாயே திறக்கவில்லை. அந்த மனிதர் வேலையிழந்து போய்ச் சேர்ந்தார். மற்றக் கிண்ணங்களை உடைத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் இவர் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உடையட்டும் என்று பார்க்கிறேன். உடைந்தால் என் முன்னால் உடையட்டும்," என்றார்.

என்னை அனுப்பவில்லை. தவறு தன் மேற்பார்வையில் நடந்தது என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை முடிந்து அவர் ஊருக்குப் போகும்போது கிண்ணத்தையும் அந்த இரண்டு ஃபிலிம்களையும் ஒரே பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்தார்.

அன்றே ரூமில் ஃபிலிம்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முழுக்க இருட்டு, ஒரு பொட்டு நிறம் இல்லை. சுத்தமாக ஆறின கண்ணாடி. அது எந்தக் காலத்திலும் தானாக உடையாது. முப்பது வருஷமாகக் கையில் ஃபிலிம் இருந்தும் அவர் அதைப் பார்த்தாரா, பார்க்காமலே இருந்தாரா, எனக்குத் தெரியாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: செங்கல் வைத்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் பன்னிரண்டு நாள் தாமதித்தேன், அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது. கிண்ணம் இப்போது என் வீட்டு அலமாரியில், சுவரைப் பார்த்து இருக்கிறது. குறை இல்லாத கண்ணாடி என்று நானே பார்த்தாயிற்று. இருந்தாலும் மத்தியானம் ஃபேனை நிறுத்தினால் 'டிங்' என்கிறது, நான் கையிலிருக்கும் சோற்றைக் கீழே வைத்துவிடுகிறேன்.