டாரல் சரிசெய்த குரல்

டாரல் ஹாஸ்கின் கெய்ரோவுக்கு வந்தது மூன்று வாரத்துக்குத்தான். நைல் கரை ஓட்டல் ஒன்றில் ராக் இசை வாசிக்க அழைத்திருந்தார்கள். கூட வந்த மூவரும் அமெரிக்கா திரும்பினார்கள், இவன் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வான். உண்மையில், சொந்த ஊரான ஒஹாயோவில் அவனுக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லை. பதினைந்து வருடம் கிட்டார் வாசித்தும் அங்கே அவனை யாருக்கும் தெரியாது. கெய்ரோவின் ஷுப்ரா பேட்டையிலோ மொச்சைக் கடைக்காரன்கூட "கவாகா, வா" என்று கூப்பிட்டு உட்கார வைத்தான். வெள்ளைக்காரன் எவனுக்கும் அங்கே அதுதான் பெயர். இருந்தாலும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இவனுக்குச் சந்தோஷம்.

வெளிநாட்டுக்காரன் மேடையேற ஒவ்வொரு தடவையும் இசைக் கலைஞர் சங்கத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்த வரிசையில் நின்று நின்றே அரபி கற்றான். அதில் பாதி வசவு. வரிசை அலுத்துப்போனபோது மேடையை விட்டுவிட்டு, மருந்துக்கடைக்குக் கீழே ஒரு நிலவறையை வாடகைக்குப் பிடித்து ஒலிப்பதிவுக்கூடம் வைத்தான். கல்யாணப் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய பாட்டுக்கடியில் தன் கிட்டாரை உறுமவிட்டான். இளவட்டங்களுக்கு அது பிடித்துப்போனது.

அப்படி வந்தவள்தான் வெதாத். நாற்பது வயது, சந்துக் கல்யாணங்களில் பாடுகிறவள். கணவர் நகீப் அவளுக்கு மேளம் தட்டுவார். தாளத்தில் புலி, சுருதி அவருக்குத் தூரத்துச் சொந்தம்.

அந்த ஊர்ப் பாட்டில் இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒரு சுரம் உட்கார்ந்திருக்கும். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அது அகப்படாது. வெதாத் அங்கே போய் நின்றால் கேட்கிறவன் கையில் எடுத்த டம்ளரை அப்படியே கீழே வைத்துவிடுவான். டாரலின் கிட்டாருக்கு மட்டும் அந்த இடத்துக்கு வழி தெரியவில்லை.

"என்ன கவாகா, உங்க கிட்டாருக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சா? நான் போற பக்கம் திரும்பவே மாட்டேங்குதே" என்றாள் வெதாத்.

சிரித்தான். அவள் போன பிறகு, கிட்டாரை மாற்றியிருக்க வேண்டியவன், குரலை மாற்றினான். கணினியில் அவளுடைய ஒவ்வொரு சுரத்தையும் பிடித்துத் தன் கிட்டார் நிற்கும் இடத்துக்கு நகர்த்தினான். பாட்டுக்கு நல்லது செய்கிறோம் என்று மனசார நம்பினான். கணினியில் இடம் போதவில்லை என்று, அவள் பாடிய மூலப் பதிவை அடுத்த வாரமே அழித்தும் விட்டான்.

கேட்டுவிட்டு வெதாத், "நல்லா இஸ்திரி போட்டிருக்கீங்க" என்றாள். மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டுப் போனாள். அந்தப் பாட்டு ஷுப்ராவின் சிற்றுந்துகளில் எல்லாம் ஓடியது. டாரலுக்கு வேலை குவிந்தது. அவன் தொழிலில் தலை நிமிர்ந்து நடந்த காலம் அது ஒன்றுதான்.

ஆறு வருடம் கழித்து வெதாத்துக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அவள் முழுதாக ஒலிப்பதிவு செய்தது அந்த ஒரு பாட்டுத்தான்.

அறுவை முடிந்த இரண்டாம் மாதம் நகீப் நிலவறைக்கு இறங்கி வந்தார்.

"கவாகா, செல்லுல இருக்கறது இவ குரல் இல்லய்யா. ரெண்டாவது அடியில கொஞ்சம் சாஞ்சு இறங்குவா. சமையக்கட்டுல பாடினாலும் சாய்வா. இதுல விறைச்சுக்கிட்டு நிக்குது."

"கல்யாணத்துல யாராவது எடுத்திருப்பாங்களே?"

"எல்லாத்துலயும் என் மேளந்தான் கேக்குது. என் கையை நானே வெட்டிப் போடலாம்போல இருக்கு. நீ திருத்தறதுக்கு முந்தி இருந்தது வச்சிருப்பேல்ல, அதைக் குடு. இனிமே வீட்டுல கேக்கறதுக்கு அது ஒண்ணுதான்."

அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல டாரலுக்குத் தைரியம் வரவில்லை. "தேடணும்" என்றான்.

ஐந்து வாரம் வேறு வேலை எதையும் தொடவில்லை. தான் நிமிர்த்திய சுரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாய்த்தான். எவ்வளவு சாய்ப்பது? நினைவிலிருந்ததுதான் அளவு. நினைவு ஒருநாள் ஒன்று சொன்னது, மறுநாள் வேறு சொன்னது. இருபது வருடம் அந்த ஊரில் இருந்தும் அந்தச் சுரம் தன் காதுக்குள் குடிவரவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கூசிப்போனான். ஆனாலும் நகீபைக் கூப்பிட்டு, "கிடைச்சிடுச்சு" என்றான்.

இருவரும் வந்தார்கள். வெதாத் கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். டாரல் பாட்டை ஓடவிட்டான்.

இரண்டாவது அடி வந்ததும் நகீப் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "இதுதான். இதுதான் இவ. கேட்டியா வெதாத், நீதான்" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். வெதாத் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவருடைய கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு கைப்பேசியில் எதையோ எழுதி டாரலிடம் மட்டும் நீட்டினாள். அவன் அரபி எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தான்.

"தொண்டை என்னோடது. பாடறது நீங்க. இவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"என்னவாம்?" என்றார் நகீப்.

"சர்க்கரை கம்மியா ஒரு டீ வேணுமாம்" என்றான் டாரல்.

"போடு போடு. எனக்கும் போடு. அதுக்குள்ள இன்னொரு தடவை கேக்கறோம்."

அவன் தட்டிக்கு அந்தப் பக்கம் போய் அடுப்பைப் பற்றவைத்தான். நகீப் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். தண்ணீர் கொதிக்கும்வரை, வெதாத்தின் தொண்டையில் தான் பாடுவதை டாரல் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.